வன்னி வெயிலுக்கும் மாரிக்கும் ஈடுகொடுக்க மரத்தளத்துக்குச் சாயமிடுவது எப்படி?

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில், குளக்கட்டைப் பார்த்தபடி, பன்னிரண்டு அடிக்குப் பத்து அடியில் ஒரு மரத்தளம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி பணம் அனுப்பும்போதே அதற்கு ‘டெக்’ என்று பெயர் வைத்துவிட்டான். அம்மாவுக்கு அது பலகைத் திண்ணை. 2018 ஆவணியில் வேலை முடிந்ததும், கடையில் எடுத்துத் தந்த பளபளப்பான வார்னிஷை மூன்று தடவை பூசினேன். முகம் பார்க்கலாம் போலிருந்தது. அந்த மார்கழியில்தான் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தது. தளம் நாள்கணக்கில் ஊறியும் வார்னிஷ் அசையவில்லை. மழையை வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த ஆடிக்குள் அது பாம்புச் சட்டை போல உரியத் தொடங்கியது.

எங்கே உரிந்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது. கூரைத் தாழ்வாரத்தின் கீழ் இருந்த பாதி அப்படியே மினுங்கியது. அந்தப் பாதிக்கும் சாரல் அடித்தது, பீலித் தண்ணீர் தெறித்தது. பிற்பகல் வெயில் நேராக விழும் மற்றப் பாதிதான் வெடித்து உரிந்தது. உரிந்த இடத்துக்குள் அடுத்த மாரித் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கும் பலகைக்கும் இடையில் நின்று கறுத்தது. வெயில் கதவைத் திறந்துவிட்டது. மழை உள்ளே வந்தது. இந்த மண்ணில் மரத்துக்குப் பூச்சுத் தேடும்போது முதலில் நினைக்க வேண்டியது வெயிலை. மழை இரண்டாவது.

மரத்தின் நார்களைப் பசைபோலப் பிடித்து வைத்திருப்பது லிக்னின். சூரியனின் புறஊதாக் கதிர் அதை உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. வெயிலில் கிடந்த பலகை சாம்பல் நிறமாவது அதனால்தான். நிறமற்ற வார்னிஷ் கண்ணாடி போன்றது. வெயில் அதனூடாகப் போய் அடியில் இருக்கும் மரத்தைச் சிதைக்கிறது. பிடிப்பதற்கு மரம் இல்லாமல் வார்னிஷ் கழன்றுவிடுகிறது. வெயிலை மறிப்பது சாயத்துக்குள் இருக்கும் நிறமி. ஆகவே வெளித்தளத்துக்கு வேண்டியது, மரத்துக்குள் ஊறும் எண்ணெயும் நிறமியும் சேர்ந்த மரச்சாயம். மேலே தோல் கட்டும் பூச்சு வேண்டாம். ஊறிய எண்ணெய் உரிவதில்லை, காலப்போக்கில் மங்கும். மங்கினால் கழுவிவிட்டு அதன் மேலேயே மறுபடி பூசலாம். உரிந்த வார்னிஷைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

நிறத்தைத் தெரிவுசெய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள். கடும் கபில நிறம் வெயிலை நன்றாக மறிக்கும், ஆனால் சித்திரை நடுப்பகலில் அதன்மேல் வெறுங்காலுடன் நிற்க முடியாது. நாங்கள் செருப்பைப் படியிலேயே கழற்றும் சனம். வெளிர்நிறம் காலுக்கு இதம், நிறமி குறைவு. நடுத்தரமான தேன் நிறமோ தேக்கு நிறமோ இரண்டுக்கும் பொருந்தும். தகரத்தில் ‘வெளிப்புற மரத்துக்கு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தளபாடத்துக்கான பொலிஷ் இங்கே ஒரு மாரிக்கும் தாங்காது.

கழிவு ஒயில் பூசினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேலிக்கட்டைக்குப் பூசிப் பழகிய கை அப்படித்தான் கேட்கும். மனிதர் நடந்து இருந்து எழும்பும் தளத்துக்கு அது வேண்டாம். வழுக்கும், வேட்டியில் ஒட்டும், மழையில் கழுவுப்பட்டு வளவு மண்ணுக்குள் இறங்கும். கிணறு பக்கத்தில் இருந்தால் சொல்லவே தேவையில்லை.

எந்த மாதம்?

ஆவணி நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி நடுப்பகுதி வரை. பலகை அந்நேரம் ஆண்டிலேயே மிகவும் உலர்ந்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன் பூச்சு இறுகவும் நேரம் கிடைக்கும். அது தவறினால் மாசிக் கடைசி. தை மாதத்தில் வெயில் எறித்தாலும் விடியப்புறப் பனி பலகையை நனைத்துவிடும். மரத்தின் உள்ளீரமும் போயிருக்காது. பங்குனி சித்திரையில் பின்னேர இடிமழையை நம்ப முடியாது. ஆடியில் கச்சான் காற்றுச் செம்புழுதியை அள்ளிவந்து ஈரப் பூச்சில் ஒட்டிவிடும். ஒருமுறை அப்படி ஒட்டிய தளத்தைத் தடவிப் பார்த்தேன், மண்தாளைத் தடவியது போல இருந்தது.

மரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே சாயம் எல்லா மரத்துக்கும் ஒரேமாதிரிப் பிடிக்காது. பாலை தண்ணீரில் போட்டால் தாழும் அளவுக்குச் செறிவான மரம். எண்ணெயை மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். கூடப் பூசினால் மேலே பிசினாக நிற்கும். முதிரையும் இறுக்கமான மரம்தான். அதன் வைரம், அதாவது முற்றிய நடுப்பகுதி, வெளியில் நன்றாக உழைக்கும்; ஓரத்து மென்பகுதியான வெளிறு உளுக்கும். வாங்கும்போதே வெளிறு ஓடிய பலகையை ஒதுக்குங்கள். தேக்குக்குத் தன் எண்ணெய் உண்டு; பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால்தான் சாயம் உள்ளே போகும். பனையில் கறுத்த வெளிப்புறம் மட்டுமே பலகைக்கு உதவும். உள்ளே இருக்கும் மென்பகுதி சிறிதளவு விட்டுப்போனாலும் அதிலிருந்துதான் உக்கல் தொடங்கும்.

மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டை எடுங்கள். ஏற்றி வருவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வழியில் மறிக்கும்போது கேட்டுப் பயனில்லை.

முதிரையைத் தேய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் கொண்டுவரும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. உதவிக்கு வந்த பெடியனுக்கு இரண்டு நாள் முழங்கை வரை சிவந்திருந்தது. நீளக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுக்கொண்டே தேயுங்கள்.

முதலாவது வேலை: அடியில் குனிந்து பார்ப்பது

மேலே பூசுவதற்கு முன், டோர்ச் எடுத்துக்கொண்டு தளத்தின் அடியைப் பாருங்கள். கால்கள் மண்ணைத் தொடக் கூடாது. கொங்கிரீட் கட்டையின்மேல் நிற்க வேண்டும். கறையான் மண்குழாய் ஏறியிருந்தால் அதைத் தட்டிவிட்டு மருந்து அடிக்காமல் மேலே சாயம் பூசுவது வீண்செலவு. தளத்தின் கீழ் சருகும் பழைய விறகும் குவிந்திருந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். காற்று ஓடினால்தான் பலகையின் வயிறு காயும்.

பலகைகளுக்கு இடையில் ஐந்து மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். வேப்பஞ்சருகு அதில் நுழைந்து அடைத்திருக்கும். பழைய கத்தி அலகால் கீறி எடுங்கள். பலகை உக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடுக்கில்தான். தூக்கி நிற்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத் துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். தலை பலகை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். சாதாரண இரும்பாணி மரத்தின் துவர்ப்புச் சத்துடன் சேர்ந்து கறுப்பு மை போலக் கறை விடும். பழைய ஓடாவி ஒருவர் அதைப் பார்த்து, “ஆணி அழுதிருக்கிறது” என்பார்.

இரண்டாவது: கழுவுதல்

சோடியம் பெர்கார்பனேற்று உள்ள வெளிறாக்கித் தூள் கிடைத்தால் நல்லது. அதைப் பொதியில் சொன்ன அளவுக்கு இளஞ்சூட்டு நீரில் கரைத்துப் பலகையில் ஊற்றி, காயவிடாமல் பதினைந்து இருபது நிமிடம் வைத்து, தும்புத்தடியால் மரத்தின் ரேகை வழியே தேய்த்துக் கழுவுங்கள். பாசியும் சாம்பல் நிறமும் போய்விடும். அது கிடைக்காவிட்டால் சாதாரண சலவைத்தூளும் கைப்பலமும் போதும், வேலைதான் இரட்டிப்பு. குளோரின் உள்ள வெளிறாக்கி வேண்டாம், கறையை வெளுத்தாலும் நாரையும் சேர்த்துத் தின்றுவிடும். வாகனம் கழுவும் அமுக்க இயந்திரத்தைக் கொண்டு வருபவர்கள் முனையை ஒரு முழத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். பலகையில் உழுத சால் போல வரி விழும்.

இரும்புக் கறைக்கு ஒட்சாலிக் அமிலம். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 30 கிராம் அளவு, பிளாஸ்டிக் வாளியில். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது நஞ்சு, கோழி, ஆடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் வரவிடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கறை மங்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

எங்கள் தளத்தில் ஒரு முதிரைப் பலகையில் உள்ளங்கை அளவு கருநீல வட்டம் ஒன்று இருந்தது. அமிலம் போட்டால் மங்கும். காய்ந்ததும் திரும்பி வரும். மூன்று தடவை செய்து பார்த்தேன். நாலாவது தடவை தேய்க்கும்போது மண்தாள் சரக்கென்று கிழிந்தது. கத்தி முனையால் கிளறினால், சின்னவிரல் நகத்தளவு துருவேறிய இரும்பு. யுத்தகாலத்து ஷெல் துண்டு. மரம் அதைத் தனக்குள் வைத்து மூடி, மேலே வைரம் வைத்து வளர்ந்திருக்கிறது. இங்கே மரம் அரிபவர்களுக்கு இது புதிதல்ல, வாள் பல் உடையும்போது கண்டுபிடிப்பார்கள். அதைத் தோண்டி எடுத்து, குழியை அதே மரத்தின் தூளும் பசையும் சேர்த்து அடைத்தேன். வட்டம் பிறகு வரவில்லை. அழியாமல் திரும்பி வரும் கறை உங்கள் பலகையிலும் இருந்தால், மேலே மேலே அமிலம் ஊற்றாமல் காந்தம் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

மூன்றாவது: காயவிடுதல்

பொறுமை இல்லாதவர்கள் தோற்கும் இடம் இதுதான். கழுவிய அன்று பின்னேரமே மேற்பரப்பு உலர்ந்தது போலத் தெரியும். ஆவணி வெயிலிலும் குறைந்தது மூன்று நாள் விடுங்கள். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டைப் பலகையில் வைத்து நான்கு ஓரமும் நாடா ஒட்டி இரவு விடுங்கள். விடிய எடுத்துப் பார்க்கும்போது உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நான்காவது: தேய்த்தல்

60 ஆம் இலக்க மண்தாளில் தொடங்கி 80 இல் நிறுத்துங்கள். மேசை போல வழுவழுப்பாக வேண்டும் என்று 150, 220 என்று போனால் மரத்தின் துவாரங்கள் மூடிப்போகும், சாயம் உள்ளே இறங்காது. பாலைக்கும் முதிரைக்கும் இது இன்னும் பொருந்தும். எப்போதும் ரேகை வழியே. குறுக்கே தேய்த்த கீறல் சாயம் பட்டதும் பளிச்சென்று தெரியும். தூளைக் கூட்டி, பிறகு ஈரமில்லாத துணியால் துடையுங்கள்.

முடிந்ததும் சில சொட்டுத் தண்ணீரை அங்கங்கே விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் உறிஞ்சினால் பலகை தயார். மணி மணியாக உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது; மறுபடி தேய்க்க வேண்டும்.

ஐந்தாவது: பூசுதல்

அளவைக் கணக்கிடுவோம். பன்னிரண்டுக்குப் பத்து என்றால் 120 சதுர அடி, ஏறத்தாழ 11 சதுர மீற்றர். இழைத்த பலகையில் ஒரு லீற்றர் எட்டிலிருந்து பத்துச் சதுர மீற்றர் வரை போகும். இரண்டு பூச்சுக்கும் ஓரங்களுக்கும் சேர்த்து மூன்று லீற்றர் போதும். அரிந்தபடியே இழைக்காமல் விட்ட பலகை கூடக் குடிக்கும். புதிதாகத் தளம் போடுபவர்கள் பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூட்டுவதற்கு முன்பே ஒரு பூச்சுக் கொடுத்துவிட வேண்டும். பூட்டிய பிறகு தரையில் மல்லாந்து படுத்துத்தான் அதைச் செய்யலாம். செய்தவன் சொல்கிறேன்.

எல்லாத் தகரங்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். இரண்டு தகரத்தின் நிறம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நிறமி அடியில் தங்கும் என்பதால் வேலை நடக்கும்போதும் தடியால் அடியைத் துழாவியபடி இருங்கள்.

நேரம் காலை. பனி உலர்ந்ததும் தொடங்கி, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடியாமல் போகும்போது நிறுத்துங்கள். பெரும்பாலும் பத்து மணி. சூட்டுப் பலகையில் எண்ணெய் ஊறுவதற்கு முன்பே மேலே காய்ந்து பட்டை கட்டும். முதல்நாள் மாலை முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து வைத்தால் புழுதி அடங்கும். தளத்தில் தெளித்துவிடாதீர்கள்.

முதலில் வெட்டுமுனைகள். பலகையின் இரு நுனிகளும் குடிநீர்க் குழாய்கள் போல. பக்கவாட்டில் நுழைவதைவிடப் பலமடங்கு தண்ணீர் அதனூடாகத்தான் போகிறது. வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. குடிக்கக் குடிக்க இரண்டு மூன்று தடவை தோய்த்துப் பூசுங்கள். புதிதாகத் துளைத்த ஆணித்துளைக்கும் ஒரு சொட்டு.

பிறகு சுவர்ப்பக்கத்திலிருந்து படிப்பக்கமாக, இரண்டு மூன்று பலகைகளை ஒரு கட்டாக எடுத்து, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நிறுத்தாமல் போங்கள். நடுப்பலகையில் தேநீர் குடிக்க எழும்பினால், விட்ட இடத்தில் கோடு விழும். அதை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. றோலர் வேகம்தான், ஆனால் பின்னாலேயே அகலத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, ஊறாமல் மினுங்கி நிற்பதைப் பழைய பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். பாசம் வைத்துக் கூட விட்டுவைத்த எண்ணெய்தான் பிறகு காலில் ஒட்டும்.

இரண்டாவது பூச்சு வேண்டுமா என்பது மரத்தைப் பொறுத்தது. பாலைக்கு ஒன்று போதும். முதிரைக்கும் தேக்குக்கும் தகரத்தில் சொன்ன இடைவெளி விட்டு, முதலாவதைவிட மெல்லியதாக இன்னொன்று.

துடைத்த துணிகளைச் சுருட்டி எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றுப் பட்டு இறுகும்போது சூடு விடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். ஓலைக் கொட்டிலின் மூலையில் போட்டுவிட்டுப் படுக்கப் போவது மிகவும் ஆபத்து. தண்ணீர் வாளிக்குள் போடுங்கள், அல்லது கல்லின்மேல் ஒற்றைத் துணியாக விரித்துக் காயவிடுங்கள்.

பூசிய பின்

ஒரு நாள் கழித்து நடக்கலாம். கதிரை, மேசையை வைக்க மூன்று நான்கு நாள் பொறுங்கள். மழை இருட்டினால் தறப்பாளைப் பலகையில் படவிடாமல் கயிறு கட்டித் தூக்கி மூடுங்கள். ஒட்டிய தறப்பாளை எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அம்மா மூன்றாம் நாளே ஒடியல் காயவைக்கச் சுளகுடன் வந்துவிட்டார். எண்ணெய் மணம் முற்றாகப் போகும் வரை நெல், மிளகாய், ஒடியல் எதையும் அதில் பரப்ப வேண்டாம். அதன் பிறகும் பாய் விரித்துத்தான்.

ஆண்டுதோறும் ஆவணி பிறந்ததும் அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனை. உருண்டு நின்றால் அந்த ஆண்டு விட்டுவிடலாம். உறிஞ்சினால், கழுவிக் காயவிட்டு மெல்லிய ஒரு பூச்சு, தேய்க்கத் தேவையில்லை. எங்கள் தளத்தில் மேற்குப் பாதிக்கு ஒவ்வோர் ஆண்டும், தாழ்வாரப் பாதிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்து முருங்கையை முறித்துத் தளத்தின்மேல் போட்டபோது, விழுந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும்தான். அந்த இடத்தைத் தேய்த்து விரலளவு சாயம் தொட்டேன்; இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வார்னிஷாக இருந்திருந்தால் முழுப்பலகையையும் சுரண்ட வேண்டியிருந்திருக்கும்.

வெள்ளம் ஏறி வடிந்தால், வண்டல் காய்ந்து இறுகுவதற்கு முன் கழுவிவிடுங்கள். இடைவெளிகளையும் மறக்காதீர்கள்.

மிஞ்சிய சாயத்தை அரைத் தகரமாக வைத்தால் உள்ளே இருக்கும் காற்றில் ஆடை கட்டும். அளவான கண்ணாடிப் போத்தலில் வாய்வரை நிரப்பி, மூடியை இறுக்கி, எந்த மரத்துக்கு எந்த மாதம் பூசியது என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத நிழலில் வையுங்கள். என் போத்தல் அடுப்படிக்கு வெளியே வளையின் மேல் இருக்கிறது. இலுப்பெண்ணெய் என்று நினைத்து அம்மா ஒருமுறை விளக்குக்கு எடுத்துவிட்டார். இப்போது அதில் ‘டெக்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.